இணைய ஏலத்தில் பழம்பொருள் வாங்குமுன்: குமரி மாவட்டத்தார்க்கு ஒரு வழிகாட்டி

குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூணைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவன் நான். "குளச்சல் போரில் தோற்ற டச்சுப் படையினர் விட்டுச்சென்ற காசு" என்ற குறிப்புடன் இணைய ஏலமொன்றில் ஒரு செப்புக் காசு வந்தபோது, எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. நாலாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்டு எடுத்தேன். காசு வந்து சேர்ந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்று எழுத்துகளைப் பின்னிய முத்திரை தெளிவாக இருந்தது. உலோகமும் எடையும் பொருந்தின. முத்திரைக்குக் கீழே 1790 என்ற ஆண்டும் இருந்தது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுப் படையை வென்ற அந்தப் போர் நடந்தது 1741இல். தோற்ற படையின் சட்டைப்பையில் 49 ஆண்டுகள் கழித்து அச்சிட்ட காசு இருந்திருக்க முடியாது. ஏலப் பக்கத்திற்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். கேடயச் சின்னம் உள்ள பக்கத்தைப் பெரிதாகக் காட்டியிருந்தார்கள். முத்திரையுள்ள பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, ஆண்டு நிழலில் விழும்படி படம் எடுத்திருந்தார்கள்.

அந்தக் காசு போலியானது அன்று, கதைதான் போலி. 1790 என்ற ஆண்டைத் தாங்கிய அவ்வகைக் காசுகள் மிகச் சாதாரணமாகக் கிடைப்பவை. அதே ஆண்டைப் பொறித்து 1840களிலும் ஜாவாவில் அச்சிட்டிருக்கிறார்கள். சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள பொருளுக்கு நான் கொடுத்த மீதிப் பணம் முழுவதும் "குளச்சல்" என்ற ஒரு சொல்லுக்கான விலை. இணைய ஏலத்தில் பொருளும் அதன் கதையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கப்படுகின்றன என்பதையும், வாங்குபவர் அவற்றைப் பிரித்து வைத்துத் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பதையும் அன்று கற்றேன். அதன் பிறகு கற்றவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளம்பரத்தைப் பத்திரம்போல் படியுங்கள்

நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரம் கேட்கிறார். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். பக்கத்து நிலத்துக்காரரிடம் எல்லை விசாரிக்கிறார். அதே மனிதர் இரவு 11 மணிக்குக் கைப்பேசியில் ஓடும் ஏலத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு விளக்கை எடுக்கும்போது ஒன்றையும் கேட்பதில்லை. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க வழியில்லாத இடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே ஆவணம் அந்த விளம்பரம்தான். ஆகவே அதன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படியுங்கள்.

"பழமையான தோற்றம் கொண்ட", "பழைய பாணியில் அமைந்த" என்ற சொற்கள் பொருள் பழையது என்று சொல்லவில்லை. "பாட்டியின் பெட்டியில் இருந்தது, எனக்கு விவரம் தெரியாது, படத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்" என்பவர் பின்னால் வரக்கூடிய புகாருக்கு முன்கூட்டியே கதவை அடைக்கிறார். தலைப்பில் "18ஆம் நூற்றாண்டு" என்று போட்டுவிட்டுப் பொருளை அலங்காரப் பொருள்களின் வரிசையில் பட்டியலிட்டிருந்தால், விற்பவரே எந்த வரிசையை நம்புகிறார் என்பது விளங்கும். யார் கொடுத்தது, எதை ஆராய்ந்து கொடுத்தது என்ற விவரம் இல்லாத "உண்மைத்தன்மைச் சான்றிதழ்" அச்சுக்கூலி மட்டுமே பெறும். கையெழுத்திட்டவரின் பெயர், பணி, முகவரி, ஆய்ந்த முறை ஆகிய நான்கும் இல்லாத சான்றிதழைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடுத்து, படத்தைத் தேடுங்கள். கூகுள் லென்ஸ் போன்ற படத்தேடும் வசதியில் விளம்பரப் படத்தை இட்டால், அதே படம் ஏதேனும் அருங்காட்சியகத்தின் பக்கத்திலோ பழைய ஏலத்திலோ இருப்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். பிறகு அந்த விற்பனையாளரின் மற்ற பட்டியல்களையும், ஏற்கெனவே விற்று முடித்தவற்றையும் பாருங்கள். ஒரே அச்சான மூன்று "300 ஆண்டுப் பழமையான" பாக்குவெட்டிகளை மூன்று மாதத்தில் விற்றவர் அவற்றைப் பட்டறையிலிருந்துதான் எடுத்து வந்திருக்க வேண்டும். ஏலம் கேட்டவர்களின் வரிசையையும் தளம் காட்டினால் பாருங்கள். ஒரே பெயர் இந்த விற்பனையாளரின் ஏலங்களில் மட்டும் வந்து, விலையை ஏற்றிவிட்டு, கடைசி நிமிடத்தில் ஒதுங்குமானால் அது விற்பவரின் ஆளாக இருக்கலாம்.

இவ்வளவும் முடிந்தபின் விற்பவருக்கு எழுதுங்கள். அடிப்பாகம், உட்புறம், விளிம்பு, பின்புறம் ஆகியவற்றின் படங்களைப் பகல் வெளிச்சத்தில் கேளுங்கள். ஒரு தாளில் அன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் எழுதிப் பொருளின் பக்கத்தில் வைத்து ஒரு படம் கேளுங்கள். எடையைத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் கையில் பொருள் வைத்திருப்பவர்க்கு இது பத்து நிமிட வேலை. தட்டிக்கழிப்பவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

காசுகள்

நம் மாவட்டத்தில் இணைய ஏலம் பக்கம் போகிறவர்களில் பெரும்பாலோர் காசில்தான் தொடங்குகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்ததால் சக்கரம், பணம் என்ற பழைய காசுகளின் பெயர்கள் நம் வீட்டுப் பேச்சில் இன்னும் மீதமிருக்கின்றன. அந்தப் பாசத்தை விற்பவர்களும் அறிவார்கள். ஆகவே கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். பழைய வெள்ளிச் சக்கரம் அரைக் கிராமும் எட்டாத மிகச் சிறிய காசு. அதைக் கையால் எண்ண முடியாமல், குழிகள் வெட்டிய பலகையில் பரப்பி, ஒரு குழிக்கு ஒன்றாக நிரப்பி எண்ணினார்கள். அகலமான வட்ட வெள்ளிக் காசைக் காட்டி "மார்த்தாண்ட வர்மா காலத்துச் சக்கரம்" என்று ஒருவர் விற்றால், இந்தப் பலகையை நினைத்துக்கொண்டாலே போதும்.

ஆண்டைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிற்காலத் திருவிதாங்கூர்க் காசுகள் கொல்லம் ஆண்டைத் தாங்கியவை. கொல்லம் ஆண்டு ஆவணி முதல் நாளில் பிறப்பதால், அதோடு 824 அல்லது 825ஐக் கூட்ட வேண்டும். 1116 என்றால் 1940-41. சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துக் காசில் உள்ள 1116ஐக் கிறிஸ்து ஆண்டாகக் காட்டி, "சோழர் காலம்" என்று விலை போட்ட விளம்பரத்தை நானே பார்த்திருக்கிறேன். ஆங்கில எழுத்து பொறித்த காசைச் சோழர் தலையில் கட்டுவதற்கு அறியாமையோ துணிச்சலோ காரணமாக இருக்கலாம். எதுவானாலும் நட்டம் வாங்குபவர்க்கே.

நாடெங்கும் மிகுதியாக விற்கப்படும் பொய்க் காசு "கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, ஒரு அணா" என்ற எழுத்தோடு ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ லட்சுமியோ பொறித்த செப்பு வில்லை. 1616, 1717 என்ற ஆண்டுகளோடும் வரும். கம்பெனி இப்படியான அணாக் காசுகளை அச்சிடவே இல்லை. பக்தர்களுக்கும் ஆவல் கொண்டவர்களுக்கும் விற்கப் பிற்காலத்தில் செய்தவை அவை. இந்த இடத்தில் ஒரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும். கம்பெனி தெய்வ உருவத்தைக் காசில் போட்டதே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. சென்னையில் கம்பெனி அச்சிட்ட நட்சத்திர வராகன் என்ற சிறிய பொற்காசில் திருமால் உருவம் உண்டு. செப்புக் காசு என்று எடுத்தால், 1803, 1808 ஆகிய ஆண்டுகள் பொறித்துச் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அச்சிட்ட 20 காசும் 10 காசும் கம்பெனியின் கேடயச் சின்னத்தைத்தான் தாங்கியிருக்கும். அவற்றிலும் 1808ஆம் ஆண்டுக் காசை "அரிது" என்று நம்பி விலை கொடுக்காதீர்கள். அந்தக் காசுகளை ஏற்றி வந்த அட்மிரல் கார்டினர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அதிலிருந்து பெருமளவில் காசுகளை எடுத்தார்கள். "கப்பற்சேதத்துக் காசு" என்ற உண்மையான கதையோடு உலகமெங்கும் விற்பனையில் உள்ளவை அவையே. கதை உண்மையாக இருந்தாலும் பொருள் அரிதாகிவிடுவதில்லை.

வெள்ளி ரூபாய்க்கு எடைதான் நல்ல சாட்சி. 1835 முதல் 1939 வரையிலான பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், வெள்ளியின் பங்கு 91.7 விழுக்காடு. புழங்கித் தேய்ந்த காசு சற்றுக் குறையலாம். 10 கிராமிலோ 12.5 கிராமிலோ நிற்கும் காசை ஒதுக்கிவிடலாம். எடை பொருந்தினால் அடர்த்தியையும் பாருங்கள். நூற்றில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசில் ஒரு தண்ணீர்க் கோப்பையை வைத்து, எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண், காசின் கன அளவு. காற்றில் பார்த்த எடையை இந்த எண்ணால் வகுங்கள். ரூபாயின் வெள்ளிக்கு 10.3 அளவில் விடை வரும். அதாவது தராசு 1.13 அருகே நிற்கும். பித்தளைக்கு வெள்ளிப் பூச்சு பூசியிருந்தால் விடை எட்டரையைத் தாண்டாது, தராசு 1.37ஐக் காட்டும். காந்தத்தில் ஒட்டினால் இந்தச் சோதனையே தேவையில்லை.

விளிம்பையும் உருப்பெருக்கியால் பாருங்கள். அச்சில் அடித்த காசின் எழுத்து விளிம்புகள் கூர்மையாக நிற்கும். அச்சுக் குழியில் ஊற்றி வார்த்த போலியில் எழுத்துகள் சோப்புக்கட்டியில் கரைந்தவைபோல் மழுங்கி, நடுநடுவே ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடோ, அதை அரத்தால் ராவிய தடமோ இருக்கும்.

ஓலையும் செப்பேடும்

எனக்கு மிகவும் மனம் ஒட்டிய பகுதி இது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் இல்லாமல் நாஞ்சில் நாட்டு வரலாற்றை எழுத முடியாது. அப்படிப்பட்ட மண்ணில், "பழைய ஓலைச்சுவடி" என்று கட்டுக்கட்டாகப் பொய் ஓலைகள் விற்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நல்ல வேளையாக, எழுத்து பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும்.

ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றையும் அவற்றோடு சேர்ந்த ஒகர, ஓகார எழுத்துகளையும் சேர்த்து 13 எழுத்துகளின் இன்றைய வடிவத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. அதற்கு முன் அவை கொக்கியும் துதிக்கையும் கொண்ட கூட்டெழுத்துகளாக இருந்தன. பெரியார் தம் பத்திரிகையில் 1935 முதலே புதிய வடிவங்களைப் பயன்படுத்தினார் என்றாலும், ஓலையில் எழுதியவர்கள் அவற்றை அறியமாட்டார்கள். "200 ஆண்டுப் பழமையான வைத்தியச் சுவடி" என்ற படத்தைப் பெரிதாக்கி "லை", "னை" எப்படி இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். அடுத்ததாகப் புள்ளி. பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் இன்று நாம் பிரித்தெழுதும் முறையும் வீரமாமுனிவர் காலத்துக்குப் பிறகு, அச்சின் துணையோடுதான் பரவியது. ஒவ்வொரு மெய்க்கும் ஒழுங்காகப் புள்ளி வைத்து, சொல்லுக்குச் சொல் இடம்விட்டு எழுதிய ஓலை பள்ளிப் பாடப்புத்தகம் படித்தவரின் கையிலிருந்து வந்தது. எண்ணையும் பாருங்கள். 1741ஐப் பழைய முறையில் ௲௭௱௪௰௧ என்று ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றின் குறிகளோடு எழுதுவார்கள்; ௧௭௪௧ என்று இலக்கங்களை வரிசையாக அடுக்கியிருந்தால் அது பிற்கால வழக்கம்.

செப்பேடுகளுக்கு இன்னும் கடுமையான சோதனை உண்டு. நம் பகுதியை ஆய் மன்னர்கள் ஆண்ட 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, சிதறால் மலையில் உள்ள சமணக் கல்வெட்டு வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறையில் அமைந்தது. மற்றத் தமிழ்ப் பகுதிகளில் சோழர்க்குப் பின் மறைந்துபோன வட்டெழுத்து, சேர நாட்டுப் பக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. ஆகவே "ஆய் மன்னர் செப்பேடு" என்று வருகிற தகடு நீங்களும் நானும் தடையின்றிப் படிக்கும்படி இருந்தால், அந்தத் தெளிவே அதற்கு எதிரான சாட்சி. சிதறாலுக்குப் போய் அந்தப் பாறையின் முன் ஒரு மணிநேரம் நின்று பாருங்கள். வட்டெழுத்தின் நடை கண்ணில் பதிந்துவிடும், செலவும் பேருந்துக் கட்டணம் மட்டுமே.

ஓலையின் உடலும் பேசும். பூச்சி அரித்த துளை ஓர் ஓலையோடு நிற்பதில்லை. கட்டில் அடுத்தடுத்த ஓலைகளில் அதே இடத்தில் தொடர்ந்து, மெல்ல இடம் மாறிக்கொண்டே போகும். துளைகள் ஓலைக்கு ஓலை தொடர்பின்றி இருந்தால், கட்டு பல இடங்களிலிருந்து சேர்த்ததாக இருக்கலாம், அல்லது துளை கையால் இட்டதாக இருக்கலாம். அதைவிடக் கூர்மையான அடையாளம் ஒன்றுண்டு: எழுத்து துளையைச் சுற்றி விலகிப் போகிறதா என்று பாருங்கள். பழைய வெற்றோலையைத் தேடிப் பிடித்து அண்மையில் எழுதுகிறவர் துளை வரும் இடத்தில் எழுத்தாணியைத் தள்ளி வைப்பார். உண்மையான சுவடியில் துளை எழுத்தின் நடுவில் ஈவிரக்கமின்றிப் புகுந்திருக்கும். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பனையோலை முந்நூறு ஆண்டுகளைத் தாண்டுவதே அரிது. இன்று எஞ்சியுள்ள தமிழ்ச் சுவடிகளில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் படியெடுத்தவை. "ஆயிரம் ஆண்டுச் சித்தர் ஓலை" என்ற விளம்பரத்தைத் திறந்து பார்க்கவும் வேண்டாம்.

விளக்கு, உருளி, சிலை

வீட்டுப் புழக்கத்தில் இருந்த வெண்கல உருளியில் தேய்மானம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கும். அகப்பை உரசிய நடுப்பகுதி மெலிந்திருக்கும். அடுப்பில் பட்ட அடிப்பாகத்தில் கரி பல அடுக்காக ஏறி உலோகத்தோடு ஒன்றியிருக்கும். காதுகளின் உட்புறம் பிடித்துப் பிடித்து வழவழப்பாகியிருக்கும். வெளியே முழுவதும் ஒரே சீராகக் கறுத்து, உள்ளே புதுமெருகு தெரிந்தால் அந்தக் கறுப்பு பூசப்பட்டது. விளக்குக்கும் இதே நியாயம்: எண்ணெய் நிற்கும் அகலிலும் திரி எரியும் முகப்பிலும் தடம் இருக்க வேண்டும்.

செப்புக் களிம்பைப் பொறுத்தவரை, பல காலம் மண்ணிலோ ஈரத்திலோ இருந்த பொருளில் பச்சைக்குக் கீழே செம்பழுப்பு அடுக்கு ஒன்று உலோகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். பச்சையும் இடத்துக்கு இடம் மாறும். அமிலம் தடவி அவசரமாக வரவழைத்த பச்சை பொடியாகவும் ஒரே நிறமாகவும் இருந்து நகத்துக்கே உதிரும். வண்ணம் பூசியதாக இருந்தால் நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். வந்த பொருளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கும் நம் வீட்டு வழக்கத்தை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அரைமணி நேரத் தேய்ப்பில் சாட்சியும் போய்விடும், விலையும் போய்விடும்.

சிலைகளை மெழுகுக் கருவில் வார்க்கும் நம் முறையில், வார்ப்பு முடிந்ததும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அச்சுப் பிசகாத இரட்டைச் சிலைகள் எங்கேனும் விற்பனைக்கு வந்திருந்தால் அவற்றில் ஒன்றேனும் புதியது. "ஐம்பொன்" என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். பழைய செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் செம்பும், சிறிது ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. பொன்னும் வெள்ளியும் இருந்தால் அது மிகச் சொற்ப அளவே. நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் எக்ஸ்-கதிர்க் கருவி செம்பு, துத்தநாகம் ஆகியவற்றின் பங்கையும் காட்டும் என்றாலும், அது மேற்பரப்பை மட்டுமே பார்க்கிறது. உடைந்த பழம்பாத்திரத்தை உருக்கிப் புதுச் சிலை வார்த்தால் உலோகம் பழையதாகவே தெரியும். ஒரே சோதனையைக் கொண்டு முடிவு கட்டாதீர்கள்.

"கோயில் நகை" என்ற பெயரிலும் குழப்பம் உண்டு. வடசேரிக் கைவினைஞர்கள் இன்றும் செய்துவரும், புவிசார் குறியீடு பெற்ற ஒரு நகைவகையின் பெயர் அது. அருமையான வேலை, புதிய வேலை என்று சொல்லி விற்றால் மனமார வாங்கலாம். அதே நகையை எண்ணெயில் ஊறவைத்துப் "200 ஆண்டுப் பழமையானது" என்று விற்கும்போது அந்தக் கைவினைஞருக்கும் சேர்த்தே அநீதி நடக்கிறது.

மரப்பெட்டிக்கும் பரணிக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரச்சாமானைப் புரட்டி அடிப்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். இயந்திர வாளின் சீரான கோடுகளும், 1930களுக்கு முன் புழக்கத்திலேயே இல்லாத கூட்டல்குறித் தலைத் திருகாணியும் வயதைச் சொல்லிவிடும். சீனப் பரணியில் அடிவட்டம் தேய்ந்திருக்கிறதா, உள்ளே உப்பும் புளியும் ஏறிய கறை இருக்கிறதா என்று பார்ப்பது போதும்.

உண்மையான பொருளாகவே இருந்தால்?

இத்தனை சோதனைகளையும் கடந்து பொருள் உண்மையானது என்று பட்டால், மகிழ்ச்சியடையும் முன் இன்னொரு சந்தேகத்தை எழுப்ப வேண்டும்: இது இருந்த இடத்தை விட்டு எப்படிக் கிளம்பியது? விளக்கிலோ மணியிலோ "உபயம்" என்ற சொல் பொறித்திருந்தால் அது ஒருவர் கோயிலுக்குக் கொடுத்தது. கோயிலிலிருந்து அது முறையாக வெளியேறியதற்கு எழுத்துச் சான்று இல்லாமல் தொடக்கூடாது. சிலையின் பீடத்தில் கழி செருகும் துளைகள் இருந்தால் அது வீதியுலா வந்த உற்சவர். தனியார் வீட்டில் பிறந்த பொருள் அன்று.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர் அதோடு கொடுத்த உரிமை வரலாறு புனையப்பட்டது. 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. கபூருக்கு 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் தண்டனை விதித்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே தாளில் எழுதிய கதையை நம்பி ஏமாந்ததால், விற்பவர் அனுப்பும் பழைய கடிதத்தின் படத்தையும் அதே கண்ணோடு பாருங்கள். இத்தகைய சிலைகளை அடையாளம் காண, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் உள்ள பழைய கோயில் புகைப்படங்கள் பெரிதும் உதவியிருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த கோயிலின் பொருள் ஏலத்தில் தென்பட்டதாகத் தோன்றினால், அந்தப் பக்கத்தின் படத்தை உடனே சேமித்து, சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் அனுப்புங்கள். விற்பவரிடம் விசாரித்து அவரை எச்சரித்துவிட வேண்டாம்.

சட்டமும் சந்தேகத்துக்கு ஒரு கருவிதான். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் உள்ளது. நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருளும், 75 ஆண்டைக் கடந்த மதிப்புள்ள சுவடியும் தொல்பொருள். அவற்றைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அவற்றை வணிகமாக விற்க உரிமம் வேண்டும். கல், உலோகச் சிற்பங்கள் போன்றவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே இந்தியாவிலிருந்து "உலகின் எந்த மூலைக்கும் அனுப்புவோம்" என்று 300 ஆண்டுப் பழமையான சிலையை விற்பவர், வயதில் பொய் சொல்கிறார் அல்லது குற்றம் செய்கிறார். மூன்றாவது வழி இல்லை. சிலைக்குப் பதிவுச் சான்றும் விற்பவரின் உரிமமும் கேளுங்கள். "தோட்டத்தில் குழி வெட்டும்போது கிடைத்தது" என்ற விளம்பரமும் அப்படித்தான்: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. யானைத் தந்தம் எந்தக் கதையோடு வந்தாலும் அதன் வணிகம் தடைசெய்யப்பட்டது.

அரிசியை இழுக்கும் கலசம், இரிடியம் கலந்த செம்பு என்று ஒருவர் பேசத் தொடங்கினால் இந்த வழிகாட்டியில் உள்ள எந்தச் சோதனையும் தேவையில்லை. அப்படி ஒரு பொருள் கிடையாது. பேச்சை அங்கேயே முடித்துவிட்டுக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். உங்களிடம் உள்ள பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி, முன்பணமாக வரியும் கமிஷனும் கேட்பதும் மோசடியே. தன் பெயரைச் சொல்லி நடக்கும் இவ்வகை ஏமாற்றைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

பணம் கொடுத்தலும் திரும்பப் பெறுதலும்

தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். தள்ளுபடி தருவதாகச் சொன்னாலும் வேண்டாம். ஏலம் முடியும் முன்பே விளம்பரத்தின் முழுப் பக்கத்தையும், எல்லாப் படங்களையும், விற்பவரோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள்; ஏலம் முடிந்ததும் பக்கங்கள் மறைந்துவிடுவதுண்டு. பொட்டலத்தை வெட்டும்போதே இடைவெட்டில்லாமல் காணொளி எடுங்கள். முகவரி ஒட்டிய பக்கம் தெரிய வேண்டும். வெளியே எடுத்த பொருள் தராசில் ஏறும் வரை கேமரா நிற்கக்கூடாது. திருப்பி அனுப்பும் காலக்கெடு ஒரு வாரமாகக்கூட இருக்கலாம் என்பதால், எடை, அடர்த்தி, எழுத்து ஆகிய சோதனைகளை முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிடுங்கள். என் டச்சுக் காசுக்கு நான் ஆண்டைப் படித்தது பன்னிரண்டாம் நாளில். கெடு பத்து நாள்.

தளம் உதவவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். விற்பவர் வணிகராக இருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். விற்பவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. எப்போதோ ஒரு பொருளை விற்கும் தனிநபர் மீது இந்த வழி செல்வது கடினம். ஏலத்துக்கு முன்பே விற்பவர் யார் என்று பார்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பணம் பெற்றுக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைந்துவிட்டால் 1930 என்ற எண்ணை அன்றே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் முடக்குவதற்கு அந்த முதல் சில மணிநேரமே வாய்ப்பு.

இன்னொரு வேலையை உங்கள் வீட்டிலேயே செய்யலாம். பரணில் கிடக்கும் உருளியையும் கிண்டியையும் நாழியையும் எடுத்து, அளவும் எடையும் குறித்து, எல்லாப் பக்கமும் படம் எடுத்து, யாருடைய சீதனமாக எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டையொட்டி வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி, சொன்னவரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் இதுவரை பதினேழு பொருள்கள் ஏறியிருக்கின்றன. அந்த டச்சுக் காசும் அதில் உண்டு, 1790 என்ற ஆண்டோடும், நான் கொடுத்த விலையோடும்.